குறி மாறினால் கை தடுமாறும்

"ஸ்னூக்கர் சென்டருக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று வீட்டில் உரக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பும் தைரியம் நம்மவர்களில் பலருக்கு இருக்காது. கடைவீட்டின் மேல்மாடி, கறுப்புக் கண்ணாடி, சிகரெட் புகை, பள்ளிக்குப் போகாமல் திரியும் பையன்கள் என்று அந்த இடத்தைப் பற்றி நம் குடும்பங்களில் ஒரு படம் பதிந்து கிடக்கிறது. அந்தப் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. ஆகவே, இந்த வாரப் பத்தியைப் படித்துவிட்டுப் "பிள்ளைகளைக் கெடுக்கிறீர்களே" என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நன்றாகத் தெரிந்த ஒரு வேலையைப் புதிய முறையில் செய்யப் பழகும்போது ஓர் எரிச்சல் வரும். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். எனக்கு அந்த எரிச்சலைக் காட்டிய மேசை ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிறது.

முதலில் ஒரு விளக்கம். நம் ஊர்களில் எல்லாவற்றுக்கும் ஸ்னூக்கர் சென்டர் என்று ஒரே பெயர்தான். உள்ளே போனால் 12 அடி நீளமுள்ள பெரிய மேசை ஸ்னூக்கருக்கு; 9 அடி நீளமுள்ள சிறிய மேசை ஒன்பது பந்து ஆட்டத்துக்கு. நாங்கள் ஆடுவது சிறிய மேசையில்.

நாங்கள் என்றால் நான்கு பேர். நால்வரும் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். இன்று அந்தத் தோட்டத்தில் ரப்பரும் இல்லை, லயமும் இல்லை. செம்பனை நிற்கிறது. நாங்கள் ஆளுக்கொரு திசையில் ஈப்போவுக்கு வந்து சேர்ந்து, ஆளுக்கொரு வேலையில் இருக்கிறோம். சனிக்கிழமை மாலை மட்டும் அந்த மேசையைச் சுற்றி ஒன்றுகூடுவோம். இரண்டு பேர் ஒரு கட்சி. தோற்றவர்கள் புந்தோங் கச்சாங் பூத்தே பொட்டலம் வாங்கித் தர வேண்டும். பந்தயம் அவ்வளவுதான். ஆனாலும் அந்த மூன்று மணி நேரம் எங்களுக்குப் பெரிது. தோட்டம் போனபின் நாங்கள் நான்கு பேரும் ஒன்றாக உட்கார வேறு இடம் கிடையாது.

மூக்குக் கண்ணாடியால் வந்த வினை

நாற்பத்தாறு வயதில் எனக்குக் கண்ணாடி வந்தது. மேல்பாகம் தூரத்துக்கு, கீழ்பாகம் கிட்டத்துக்கு என்று ஒரே வில்லையில் எல்லாம் இருக்கிற வகை. அலுவலகத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேசையில் குனிந்து, தாடை கோலைத் தொடுகிற அளவுக்கு இறங்கினால், கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பு சரியாகப் பந்துக்குக் குறுக்கே வந்து நிற்கிறது.

இது எனக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை. 1985ஆம் ஆண்டு உலக ஸ்னூக்கர் இறுதியாட்டத்தில் ஸ்டீவ் டேவிஸை 18-17 என்று கடைசிக் கறுப்புப் பந்தில் தோற்கடித்த டென்னிஸ் டெய்லரை நினைவிருக்கிறதா? தலைகீழாக மாட்டியதுபோல உயரமான கண்ணாடி போட்டிருப்பாரே, அவர்தான். குனிந்து பார்க்கும்போது சட்டம் மறைக்கக் கூடாது என்பதற்காகவே செய்த கண்ணாடி அது.

எனக்கு அவ்வளவு தூரம் போக விருப்பமில்லை. ஆனால் பார்வை மாறியதும் ஆட்டமும் மாறிவிட்டது. இருபது வருடங்களாக நான் கணக்குப் பார்த்து அடித்தது கிடையாது. குனிவேன், பார்ப்பேன், "இது போகும்" என்று உள்ளே ஏதோ ஒன்று சொல்லும், அடிப்பேன். அந்த "ஏதோ ஒன்று" கண்ணாடி வந்ததிலிருந்து அடிக்கடி பேசாமல் இருந்துவிட்டது.

ஈப்போவைச் சுற்றியுள்ள சென்டர்களில் மேசைத் துணி மாற்றுவது, கோலின் நுனித் தோலை ஒட்டுவது என்று பிழைக்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். என் ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இனிமே சும்மா பாத்து அடிக்காதே. ஒரு புள்ளிய வெச்சு அடி" என்றார். புது முறையை அவர்தான் காட்டினார்.

பந்தின் ஓரம் எங்கே?

கேரம் ஆடியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒரு பந்து குழிக்குப் போக வேண்டுமானால், குழிக்கு நேர் எதிர்ப்புறத்தில் அதன்மேல் ஓரிடத்தில் வெள்ளைப் பந்து வந்து படவேண்டும். அந்தத் தொடும் இடம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். சிக்கல் என்னவென்றால், அந்த இடத்தைக் குறிபார்த்து வெள்ளைப் பந்தை நேராக அடித்தால் அது அங்கே படாது. வெள்ளைப் பந்துக்கும் உடம்பு இருக்கிறதல்லவா? ஒவ்வொரு பந்தின் குறுக்களவும் 57.15 மில்லிமீட்டர். வெள்ளையின் நடுப்புள்ளி அந்த இடத்தைச் சேரும் முன்பே அதன் பக்கவாட்டு மற்ற பந்தில் மோதிவிடும். மோதல் தடிப்பாகிவிடும்; பந்து குழிக்கு உட்புறமாகத் தப்பிப் போகும்.

ஆகவே குறிபார்க்க வேண்டியது தொடும் இடத்தை அல்ல. மோதும் நொடியில் வெள்ளைப் பந்தின் நடுப்புள்ளி எங்கே நிற்குமோ, அந்த இடத்தை. அது தொடும் இடத்திலிருந்து அரைப் பந்து அளவு பின்னால், வெறும் காற்றில் இருக்கிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு பந்து நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளச் சொல்வார்கள். ஆட்டக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் "கோஸ்ட் பால்".

காற்றில் புள்ளி பார்ப்பது கடினம் என்பதால் அண்ணன் இன்னொரு வழி சொன்னார். பந்தைப் பங்கு பிரித்துப் பார்ப்பது. வெள்ளையின் நடுவை மற்றப் பந்தின் ஓரத்துக்கு நேராக வைத்து அடித்தால், ஒன்றின்மேல் ஒன்று பாதியாகப் படும். அப்போது பந்து 30 டிகிரி திரும்பிப் போகும். முக்கால் பங்கு பட்டால் சுமார் 14 டிகிரி. கால் பங்கு பட்டால் சுமார் 49. இந்த மூன்றையும் மனத்தில் ஏற்றிக்கொண்டால், மற்றக் கோணங்களை இவற்றுக்கு இடையே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அரைப் பந்து மட்டும் பழகு என்றார். பந்தின் ஓரம் என்பது கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் தெரிகிற இடம் என்பதால் எனக்கு அது பிடித்துப்போனது.

எவ்வளவு துல்லியம் தேவை என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரைப் பந்து அடியில் வெள்ளைப் பந்து 1 மில்லிமீட்டர் தள்ளிப் பட்டால் போதும், மற்றப் பந்தின் திசை 1 டிகிரிக்கு மேல் மாறிவிடும். 1 மீட்டர் தள்ளி இருக்கும் குழிக்குப் போய்ச் சேரும்போது அது 2 சென்டிமீட்டர் விலகல்.

கணக்குப் புத்தகம் சொன்ன கதை

செவ்வாய், வியாழன் மாலைகளில் தனியாகப் போய்ப் பழகினேன். கோப்புத் தாளின் ஓட்டை கிழியாமல் இருக்க ஒட்டுவோமே, அந்தச் சின்ன வட்டத் தாள் இரண்டை மேசையில் ஒட்டிக்கொள்வேன். ஒன்றில் வெள்ளைப் பந்து, மற்றதில் அடிக்க வேண்டிய பந்து. ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே 30 டிகிரி. ஒரு மாலைக்கு 50 அடி. விழுந்ததை எண்ணி ஒரு சின்ன நோட்டில் எழுதுவேன்.

புது முறையைத் தொடுவதற்கு முன் பழைய கையால் 50 அடித்துப் பார்த்ததில் 31 விழுந்தது. புது முறையில் முதல் வாரம் 14. இரண்டாம் வாரம் 17. சரி, ஏறுகிறது என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் 12.

சனிக்கிழமைகளில் நிலைமை இன்னும் மோசம். தொடர்ந்து மூன்று வாரம் என் கட்சிதான் கச்சாங் பூத்தே வாங்கியது. என் கூட்டாளி பொறுமைசாலி. அவனே மூன்றாவது வாரம், "டேய், நல்லா இருந்த ஆட்டத்த எதுக்குடா நோண்டுறே?" என்று கேட்டான். நான்காவது வாரம், "கொஞ்ச நாள் நீ உக்காந்து பாரேன், என் அண்ணன் மகன் வந்து ஆடட்டும்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பந்து விழாததுகூடப் பரவாயில்லை. நான்கு பேரில் ஒருவனாக இருந்தவன் வேடிக்கை பார்ப்பவனாக ஆகிவிடுவேனோ என்ற நினைப்புத்தான் உறுத்தியது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறோம். புது முறை எனக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டுப் பழையதற்கே திரும்புவோம். அது நியாயமாகவும் தோன்றும். 31 விழுந்த இடத்தில் 12 விழுகிறதே, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அம்மாவின் நீளக் கத்தி

என் நோட்டைப் பார்த்து முதலில் சிரித்தவர் அம்மா. "என்னப்பா இது, கிராணி செக்ரோல் எழுதின மாதிரி இருக்கு?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது. "எனக்கும் இப்படித்தான் ஆச்சு, மேல் வெட்டு வந்தப்போ" என்று ஆரம்பித்தார்.

ரப்பர் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 1877இல் நட்ட மரங்களில் ஒன்று இன்னும் கோலகங்சாரில் நிற்கிறது. அதற்குப் பிறகு வந்த தோட்டங்களில் நம் தாய்மார்கள் எத்தனை தலைமுறை மரம் சீவினார்கள் என்பதை இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வேலையின் நுணுக்கத்தை இளையவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, கிட்டத்தட்ட 30 டிகிரி சாய்வில் இறங்கும். ஒரு நாளைக்குச் சீவ வேண்டியது ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேற்படாத பட்டை. ஆழமும் அளவாக இருக்க வேண்டும். கட்டைக்கு முன்னால் 1 மில்லிமீட்டர் அளவு பட்டையை விட்டுவிட வேண்டும். குறைந்தால் பால் வராது. மிஞ்சினால் மரம் காயப்படும். அந்த இடத்தில் பட்டை திரும்பவும் வளரும்போது முண்டும் முடிச்சுமாக வரும். விடியாத இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் இதைச் செய்தார்கள்.

கீழ்ப்பட்டை எல்லாம் சீவி முடிந்து மரம் வயதானதும், மேலே தொடாமல் இருக்கும் பட்டையிலிருந்து பால் எடுக்க ஒரு முறை வந்தது. அம்மா அதை "மேல் வெட்டு" என்பார். நீளக் காம்பு போட்ட கத்தி. கீழே நின்று அண்ணாந்து பார்த்து, கோட்டை மேல்நோக்கிச் சீவிக்கொண்டு போக வேண்டும். பால் கோட்டைத் தாண்டி மரத்தில் வழிந்துவிடாமல் இருக்கச் சாய்வையும் 45 டிகிரிக்குக் கூட்டியிருப்பார்கள். இருபது வருடம் குனிந்து, கீழ்நோக்கி, குட்டைக் கத்தியால் சீவிய கைக்கு எல்லாமே தலைகீழ்.

"நல்லா வெட்டுற பொம்பளைங்கதான் ரொம்பக் கஷ்டப்பட்டோம். புதுசா வேலைக்கு வந்த புள்ளைங்க சீக்கிரமாப் புடிச்சிக்கிச்சுங்க" என்றார் அம்மா. பாலின் எடை குறைந்தது. எடையைப் பொறுத்துத்தான் கையில் வரும் காசு. மரத்தில் காயம் விழுந்தால் மண்டோரின் ஏச்சு வேறு. எனக்குக் கச்சாங் பூத்தே பொட்டலம்தான் போனது. அம்மாவுக்கு அந்த மாதம் மளிகைக் கடைக் கணக்கு ஏறியது.

என்ன செய்தார்? மறுநடவுக்காகத் தள்ளப் போகிற கிழட்டு மரங்கள் தோட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் நின்றன. புதிதாக வருபவர்களை அந்த மாதிரி மரங்களில் விட்டுப் பழக்குவது தோட்டங்களில் வழக்கம்தான். அம்மா மத்தியானம் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, நீளக் கத்தியை எடுத்துக்கொண்டு அங்கே போவாராம். எத்தனை காயம் பட்டாலும் கேட்க ஆளில்லாத மரம்.

"சும்மா வெட்டிக்கிட்டே இருக்கல. காயம் எங்க விழுதுன்னு பாத்தேன். எல்லாம் ஒரே இடத்துல, கோடு தொடங்குற மூலையில. கீழ் வெட்டுல கை அங்கதான் அழுத்தும். கத்திதான் புதுசு, கை பழசுதானே? அது சும்மா இருக்குமா?"

ஏறக்குறைய இரண்டு மாதத்தில் அவருடைய வாளி பழைய எடைக்கு வந்துவிட்டதாம்.

பந்து எந்தப் பக்கம் தப்பியது?

அதுவரைக்கும் என் நோட்டில் விழுந்ததற்கு ஒரு கோடு, விழாததற்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான் இருந்தது. மறுநாள் முதல் தப்பிய பந்து எந்தப் பக்கம் தப்பியது என்றும் எழுத ஆரம்பித்தேன். தடிப்பாகப் பட்டுத் தப்பியதா, மெல்லிசாகப் பட்டுத் தப்பியதா என்று இரண்டு வரிசை.

முதல் மாலையிலேயே விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. 50இல் 37 தப்பின. அந்த 37இல் 33 மெல்லிசுப் பக்கம்.

இதை அண்ணனிடம் காட்டினேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. உணர்வால் ஆடப் பழகுகிற எல்லோரும் தொடும் இடத்தைப் பார்த்துத்தான் தொடங்குகிறோம். அது தடிப்பாகப் படும். பத்துத் தடவை, நூறு தடவை அப்படித் தப்பியபின், கை தானாகவே கடைசி நொடியில் கோலை ஒரு மயிரிழை வெளிப்பக்கம் தள்ளக் கற்றுக்கொள்கிறது. கண் ஒன்றைச் சொல்லும், கை இன்னொன்றைச் செய்யும், பந்து குழியில் விழும். பல வருடம் இந்த ஒப்பந்தம் நன்றாகவே ஓடும். இப்போது கண்ணுக்குச் சரியான புள்ளியைக் கொடுத்தாயிற்று. ஆனால் கைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அது வழக்கம்போல் வெளிப்பக்கம் தள்ளுகிறது. அதனால்தான் எல்லாம் மெல்லிசாகப் போகிறது.

"அப்போ குறியக் கொஞ்சம் உள்ளே வெச்சுக்கவா அண்ணே?" என்று கேட்டேன்.

"அப்படிச் செஞ்சா மறுபடியும் பழைய ஒப்பந்தம்தான். குறிய மாத்தாதே. கண்ண மூடிட்டு அடி" என்றார்.

கேலி செய்கிறார் என்றே நினைத்தேன். இல்லை. கண்ணைத் திறந்து குறியை வைத்து, குனிந்து, கோலை இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று தோன்றியதும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வேண்டும். பந்து கண்ணுக்குத் தெரியாதபோது கைக்குத் திருத்த எதுவும் இல்லை. வைத்த கோட்டிலேயே போகும்.

கண்ணைத் திறந்து பத்து அடித்தேன், 3 விழுந்தது. கண்ணை மூடிப் பத்து அடித்தேன், 6 விழுந்தது.

அந்த ஆறு பந்துகள்தான் என்னைத் தொடர வைத்தன. முறை சரி, குறி சரி, நடுவில் குறுக்கிடுவது பழைய கை மட்டும்தான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. அதன்பின் ஒவ்வொரு மாலையும் பாதி அடிகளைக் கண்ணை மூடி அடித்தேன். மீதிப் பாதியில், கோலைப் பின்னால் இழுத்ததும் ஒரு நொடி நிறுத்தி, பிறகு மெதுவாகத் தள்ளினேன். ஐந்தாம் வாரம் 22. ஏழாம் வாரம் 27.

நடுவில் இன்னொரு தடங்கலும் வந்தது. மெல்லிசாகத் தப்புவது குறைந்தபின், திடீரென்று சில பந்துகள் தடிப்புப் பக்கம் தப்ப ஆரம்பித்தன. நோட்டைப் பார்த்தால் எல்லாம் மெதுவாக அடித்தவை. இரண்டு பந்துகளும் உரசும்போது, அடிபட்ட பந்தை வெள்ளைப் பந்து தான் போகும் திசையில் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். மெதுவாக அடித்தால் இந்த இழுப்பு அதிகம். பந்து அழுக்காக இருந்தால் இன்னும் அதிகம். இதற்குத் தீர்வு எளிது: மெதுவாக அடிக்கும்போது ஒரு மயிரிழை மெல்லிசாக வைக்க வேண்டும். எந்தப் பக்கம் என்று எழுதாமல் இருந்திருந்தால், முறையே தவறு என்று இங்கேயும் ஒரு முறை முடிவு கட்டியிருப்பேன்.

பெரியவர்களுக்கும் இதே கதைதான்

டைகர் வூட்ஸ் 1997இல் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை 12 அடி வித்தியாசத்தில் வென்றார். உலகமே வாயைப் பிளந்தது. அதற்குப் பிறகு அவர் செய்த காரியம், தன் வீச்சு முறையைப் பயிற்சியாளர் புட்ச் ஹார்மனுடன் சேர்ந்து மாற்றியமைத்தது. 1998இல் அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் அவர் வென்றது ஒரே ஒரு போட்டி. அவருடைய காலம் முடிந்துவிட்டதா என்ற பேச்சுகூட எழுந்தது. 1999இல் எட்டுப் போட்டிகள். 2000இல் ஒன்பது; அவற்றில் மூன்று பெரும் பட்டங்கள். 1998ஆம் ஆண்டின் கணக்கை மட்டும் பார்த்துப் பழைய வீச்சுக்குத் திரும்பியிருந்தால் அந்த 2000 வந்திருக்குமா?

எங்கள் மேசையின் அண்ணன் முறையான ஸ்னூக்கரின் பெயரிலேயே இந்தச் செய்தி இருக்கிறது. 1875இல் ஜபல்பூரில் இருந்த நெவில் சேம்பர்லின் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி தொடங்கிய ஆட்டம் அது. (பின்னாளில் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்.) அந்தக் காலத்தில் ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவனைக் கேலியாக "ஸ்னூக்கர்" என்று அழைப்பார்களாம். எளிதான பந்தைத் தவறவிட்ட ஒரு சக அதிகாரியைச் சேம்பர்லின் அப்படிக் கூப்பிட்டார். பிறகு, இந்த ஆட்டத்துக்கு நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தானே என்று சொல்லிச் சமாதானப்படுத்தினார். பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னர் அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டது நம் நீலகிரியில், ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில், 1882இல். ஆக, ஆட்டத்தின் பெயருக்கே பொருள் கற்றுக்குட்டி.

அதே தமிழ்நாட்டில், சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் 2025இல் தோஹாவில் உலகப் பெண்கள் ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். எதிரே நின்றவர் மூன்று முறை உலகப் பட்டம் வென்ற ஹாங்காங்கின் இங் ஆன் யீ. முடிவு 3-2. கடைசி ஆட்டம் வரை இழுத்த போட்டி. ஸ்னூக்கர் மேசை என்றாலே முகம் சுளிக்கும் பெற்றோர்கள் இந்தப் பெண்ணின் பெயரையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்று பந்துக்காகவா?

ஒன்பதாம் வாரம் என் கணக்கு 34. பழைய கையோடு அடித்தபோது 31. "மூணு பந்துக்காகவா இவ்வளவு பாடு?" என்று கூட்டாளி கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் பழைய 31இல், ஒரு பந்து தப்பினால் ஏன் தப்பியது என்று எனக்குத் தெரியாது. இப்போது பெரும்பாலும் தெரிகிறது. கண்ணாடிச் சட்டம் குறுக்கே வந்தாலும் பந்தின் ஓரம் எங்கே என்று தெரிகிறது. கண் இன்னும் மங்கப்போகிற வயதில் எனக்கு அது மூன்று பந்தைவிடப் பெரிய லாபம். அண்ணன் மகன் தன் நண்பர்களோடு பக்கத்து மேசைக்குப் போய்விட்டான். என் இடம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. கச்சாங் பூத்தே இப்போது இரண்டு பக்கமும் மாறி மாறிச் செலவாகிறது.

புதிதாக ஒன்றைப் பழகும் இளையவர்களுக்கு இதிலிருந்து மூன்று விஷயம் சொல்ல ஆசைப்படுகிறேன். அலுவலகத்தில் புது மென்பொருளாக இருக்கலாம், முப்பது வயதில் மெண்டரின் பேசப் பழகுவதாக இருக்கலாம், வீணையில் விரல் வைக்கும் முறையை மாற்றுவதாக இருக்கலாம்.

முதலாவது, தப்பினால் யாரும் கேட்காத ஓர் இடத்தையும் நேரத்தையும் தேடிக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் கிழட்டு மரம். எனக்குச் செவ்வாய்க்கிழமை மேசை. காசும் மானமும் போகிற இடத்தில் மட்டுமே பழகினால், பயத்தில் கை பழைய முறைக்கே ஓடும்.

இரண்டாவது, எத்தனை தப்பியது என்பதோடு எப்படித் தப்பியது என்றும் எழுதிவையுங்கள். தப்புவதெல்லாம் ஒரே பக்கம் என்றால், பெரும்பாலும் பழைய பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. புது முறையைக் குறை சொல்ல வேண்டாம். இரண்டு பக்கமும் சிதறித் தப்புகிறது, வாரங்கள் போயும் மாறவில்லை என்றால் அப்போது முறையைப் பற்றிச் சந்தேகப்படலாம். விட்டுவிடுவதிலும் வெட்கமில்லை.

மூன்றாவது, தொடங்கும் முன்பே ஒரு தவணை வைத்துக்கொள்ளுங்கள். "இரண்டு மாதம் வரை முடிவு எடுக்க மாட்டேன்" என்பது மாதிரி. மூன்றாம் வாரத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் எரிச்சல் எடுக்கும் முடிவாகத்தான் இருக்கும்.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் யாராவது நன்றாகச் செய்துகொண்டிருந்த ஒன்றைப் புது விதமாகப் பழகிக்கொண்டு தடுமாறினால், "முன்னே நல்லாத்தானே செஞ்சே" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அது அவருக்கே தெரியும். பழகிப் பார்க்க அவருக்கு ஒரு கிழட்டு மரம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லையென்றால், வாரத்தில் இரண்டு மாலை அவருக்கு ஒதுக்கிக் கொடுங்கள்.